கேபிளின் மறுமுனையில் ஒரு கணினி

யுஎஸ்பி கேபிளின் இரு முனைகளுக்கும் ஒரே தகுதி கிடையாது. 1996 ஜனவரியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் இந்தத் தரநிலையின் முதல் பதிப்பை வெளியிட்டபோதே, இந்த ஏற்றத்தாழ்வைத் தெரிந்துதான் வைத்தன. ஒரு முனையில் இருக்கும் கணினிக்கே தலைமை; அதற்கு ஹோஸ்ட் என்று பெயர். மறுமுனையில் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் என ஏதோ ஒரு சாதனம். பேச்சைத் தொடங்கும் உரிமை ஹோஸ்டுக்கு மட்டும்தான். வகுப்பில் ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால்தான் மாணவர் ‘உள்ளேன் ஐயா’ சொல்லலாம் என்பதுபோல, நாம் கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினாலும், ஹோஸ்ட் அடுத்த முறை கேட்கும்வரை அந்தச் செய்தி கீபோர்டுக்குள்ளேயே காத்துக்கிடக்கும். இப்படி அமைத்ததற்குக் காரணம் செலவு. யார் எப்போது பேசுவது என்று முடிவெடுக்கும் சிக்கலான வேலை முழுவதையும் விலை உயர்ந்த கணினியின் தலையில் வைத்துவிட்டால், அதில் செருகப்படும் 127 சாதனங்களையும் மலிவாகச் செய்யலாம். மலிவான சாதனங்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு முழுக்கப் பலித்தது. ஆனால் அதிலிருந்து ஒரு தவறான எண்ணமும் வேரூன்றிவிட்டது: கணினி என்றால் அது எப்போதும் ஹோஸ்ட்தான், சாதனமாக இருப்பது வேறு ஜாதிப் பொருளின் வேலை என்ற எண்ணம். லினக்ஸ் இயங்கும் ஒரு கணினியைக் கேபிளின் மறுமுனையில் உட்கார வைத்துப் பார்த்தால், இந்த எண்ணம் நிற்காது. ஒரு கருவி எந்த வேடம் ஏற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பகுதி மென்பொருள்தான். அந்தத் தீர்மானம் கருவியின் சொந்தக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கான முதல் சான்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி என்பது லினக்ஸ் கெர்னலில் இயங்கும் முழுக் கணினி. அதில் ஒரு பென் டிரைவைச் செருகினால் அது ஹோஸ்டாகிறது. மடிக்கணினியில் செருகினால் சாதனமாகிறது. திரையில் தோன்றும் பட்டியலில் கோப்புப் பரிமாற்றம், டெதரிங், மிடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், மடிக்கணினியின் பார்வையில் ஒவ்வொரு முறையும் ஒரு சாதனம் கழன்றுபோய் வேறொரு சாதனம் வந்து சேருகிறது. கேமராவும் ஆல்பமுமாக இருந்தது, அடுத்த நொடியில் நெட்வொர்க் அட்டை, அதற்கடுத்து இசைக்கருவி. கேபிளை யாரும் தொடவில்லை, உள்ளே ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை. மாறியது கைப்பேசி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சில பைட்டுகள் மட்டுமே.

அந்தச் சில பைட்டுகள் எப்படிக் கைமாறுகின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லா வாதமும் அங்கேதான் நிற்கிறது. யுஎஸ்பி 2.0 வரை, கேபிளில் தரவுக்கென்று இரண்டு கம்பிகள். சாதனம் தன் வருகையை அறிவிக்கச் செய்வதெல்லாம், அவற்றுள் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேல்மின்னழுத்தத்துக்கு இழுப்பதுதான். கம்பியில் அழுத்தம் உயர்ந்ததைக் கண்ட ஹோஸ்ட் சாதனத்தை ஒருமுறை மீட்டமைக்கிறது. புதிதாக வந்தவருக்கு முகவரி பூஜ்யம். அந்த முகவரிக்கு ஹோஸ்ட் கேள்வி அனுப்பி, 18 பைட் நீளமுள்ள ஒரு விவரக்குறிப்பை வாங்குகிறது. தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்த வகைச் சாதனம் என்பதெல்லாம் அதில் அடங்கும். பிறகு தனி முகவரி தரப்படுகிறது. அடுத்தடுத்த விவரக்குறிப்புகள் கேட்கப்படுகின்றன. உன்னிடம் எத்தனை இடைமுகங்கள், ஒவ்வொன்றும் எந்த வகுப்பு, தரவு போகவும் வரவும் எத்தனை வாயில்கள், எவ்வளவு மின்சாரம் தேவை? வகுப்பு எண் 3 என்றால் கீபோர்டு, மவுஸ் போல மனிதர் கையாளும் கருவி. 8 என்றால் சேமிப்பகம். 14 என்றால் வீடியோ. எண்ணைப் பார்த்து ஹோஸ்ட் தன்னிடமுள்ள டிரைவரை இணைத்துவிடுகிறது. சொல்வது உண்மையா என்று சோதிக்கும் படி இந்த நடைமுறையில் எங்குமே கிடையாது. விசைகள் உள்ள பிளாஸ்டிக் பலகை மறுமுனையில் இருக்கிறதா, வெறும் சிப் இருக்கிறதா, ஒரு முழுக் கணினி இருக்கிறதா என்று ஹோஸ்டால் பார்க்க முடியாது. ஒழுங்காகப் பதில் சொல்லும் எதுவும் அதற்குக் கீபோர்டுதான்.

இந்தப் பதில் சொல்லும் வேலையை லினக்ஸ் கெர்னலுக்குள் ஒழுங்கான ஒரு பகுதியாகக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் டேவிட் பிரவுனெல். 2003 வாக்கில் கெர்னலில் சேர்ந்த அந்தப் பகுதிக்கு ‘கேட்ஜெட்’ என்று பெயர். 2011இல் பிரவுனெல் மறைந்துவிட்டார். அவர் வகுத்த அடுக்குமுறை இன்றும் நிலைத்திருக்கிறது. அடியில், குறிப்பிட்ட சிப்பை இயக்கும் டிரைவர். மேலே, ‘நான் நெட்வொர்க் அட்டை’, ‘நான் சேமிப்பகம்’ என்று நடந்துகொள்ளும் செயற்பகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு பொது ஒப்பந்தம். அதனால் சிப் மாறினாலும் மேலே இருப்பதைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு வேடமும் ஒரு தனி மாட்யூலாக இருந்தது. நெட்வொர்க்குக்கு ஒன்று, சீரியல் இணைப்புக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று. இரண்டைச் சேர்த்துத் தர வேண்டுமானால் யாராவது அந்தச் சேர்க்கைக்கென்றே நிரல் எழுதியிருக்க வேண்டும்.

2013 வாக்கில் அந்த நிலை மாறியது. இப்போது நிர்வாகி செய்வது கோப்புறைகளை உருவாக்குவது மட்டும்தான். கெர்னல் திறந்துவைக்கும் ஒரு தனி இடத்தில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கியதும் அதனுள் சில கோப்புகள் தாமாகத் தோன்றும். ஒன்றில் தயாரிப்பாளர் எண்ணையும் இன்னொன்றில் பொருள் எண்ணையும் எழுத வேண்டும். சொந்த எண் வாங்காதவர்கள் சோதனைகளுக்கு லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெயரில் பதிவான எண்ணைப் பயன்படுத்துவது வழக்கம். பெயர், வரிசை எண் ஆகிய எழுத்து விவரங்களுக்கு ஓர் உட்கோப்புறை. செயற்பகுதிகளுக்கு இன்னோர் உட்கோப்புறை. அங்கே நெட்வொர்க், கீபோர்டு, சேமிப்பகம், வீடியோ என்று வேண்டியவற்றின் பெயரில் கோப்புறை உருவாக்கினால் அவை பிறக்கும். அவற்றைச் சாதனத்தின் உள்ளமைவோடு ஒரு இணைப்பால் கட்ட வேண்டும். கடைசியாக, கணினியிலுள்ள யுஎஸ்பி கட்டுப்படுத்தியின் பெயரை ஒரு கோப்பில் எழுதும்போதுதான் அந்த மின்தடை கம்பியோடு சேருகிறது. எதிர்முனையில் இருக்கும் கணினி விழித்துக்கொண்டு ‘புதிய சாதனம்’ என்கிறது. பெயரை அழித்தால் சாதனம் மறைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வரிக் கட்டளைகளில் முடிகிற வேலை இது. தயாராக உள்ள செயற்பகுதிகள் போதவில்லை என்றால், சாதாரணப் பயனர் நிரல் ஒன்றே சாதனமாகப் பேச வழிவிடும் ‘ஃபங்ஷன் எஃப்எஸ்’ என்ற ஏற்பாடு 2010 முதல் கெர்னலில் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் கோப்புப் பரிமாற்றமும், மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் ஏடிபி இணைப்பும் அதன் மேல்தான் ஓடுகின்றன.

வேடம் ஏற்பது எளிது என்பதால் அது எல்லையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பென் டிரைவாக நடிக்கும்போது இந்த எல்லை தெளிவாகத் தெரியும். சேமிப்பகம் என்ற வகுப்பு கோப்புகளைப் பற்றி எதுவும் அறியாது. அது அறிந்ததெல்லாம் எண்ணிட்ட தரவுத் தொகுதிகள். 512 பைட் கொண்ட இத்தனையாவது தொகுதியைக் கொடு, இத்தனையாவதில் இதை எழுது என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். எந்தத் தொகுதி எந்தக் கோப்புக்கு உரியது என்ற கணக்கு முழுவதும் ஹோஸ்டின் பொறுப்பில் இருக்கிறது. சாதனமாக இருக்கும் கணினியும் அதே வட்டைத் திறந்து தானும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டால், ஒன்று எழுதியதை மற்றது அறியாமல் அழிக்கும். சில நிமிடங்களிலேயே கோப்பமைப்பு சிதைந்துவிடலாம். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இந்தச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டன. கணினியோடு இணைத்தால் நினைவக அட்டையை முழுசாகக் கணினிக்கு ஒப்படைத்துவிட்டு, கைப்பேசி தன் பாட்டுக்கும் படத்துக்கும் வழியில்லாமல் நிற்கும். 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு, தொகுதிகளைக் கொடுக்கும் முறையை விட்டு, கோப்புகளைக் கேட்டுப் பெறும் எம்டிபி முறைக்கு நகர்ந்ததன் முக்கியக் காரணம் இதுவே. இரு பக்கமும் கணினி என்றால், யார் கணக்கு செல்லும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். இது வேடத்தின் குறை ஆகாது. பென் டிரைவுக்குச் சொந்தமாக மூளை இருக்காது என்று நம்பி வகுத்த நெறிமுறையின் விளைவு.

இவ்வளவு சிரமம் எதற்கு, இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள நெட்வொர்க் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல இடங்களில் நெட்வொர்க்தான் சரியான வழி. ஆனால் உலகில் பல கருவிகளுக்கு நெட்வொர்க் தெரியாது, அல்லது தேவையான நேரத்தில் தெரியாது. இயங்குதளம் ஏறும் முன் கணினியின் பயாஸ் திரை ஒரு யுஎஸ்பி கீபோர்டின் சொல்லைக் கேட்கும். ஒரு பென் டிரைவிலிருந்து தொடங்கவும் சம்மதிக்கும். வேறு யார் பேச்சும் அநேகமாக அங்கே எடுபடாது. டெஸ்லா கார்கள் தம் கேமராப் பதிவுகளை ஒரு பென் டிரைவில் எழுதும். ஒரு சிறிய ராஸ்பெரி பை ஸீரோ கணினியைப் பென் டிரைவாகக் காருக்குக் காட்டிவிட்டு, கார் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவுகளை வைஃபை வழியாக வீட்டுச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் திறமூலத் திட்டமொன்றை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். காரின் மென்பொருளில் ஓர் எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை.

இதைவிடக் கனமான சான்று தரவு மையங்களில் இருக்கிறது. பெரிய சர்வர்களின் மதர்போர்டில், சர்வர் அணைந்திருந்தாலும் தனியே இயங்கும் இன்னொரு குட்டிக் கணினி உண்டு. அதற்கு பிஎம்சி என்று பெயர். அவற்றில் பல லினக்ஸில் ஓடுபவை. மனிதர் நுழையாத அறையில் இருக்கும் ஒரு சர்வரில், வேறு ஊரிலிருந்து ஒரு நிர்வாகி புதிய இயங்குதளத்தை நிறுவும்போது, இந்தக் குட்டிக் கணினிதான் பெரிய சர்வருக்கு யுஎஸ்பி கீபோர்டாகவும் மவுஸாகவும் நிறுவல் வட்டாகவும் தோன்றுகிறது. ஓப்பன் பிஎம்சி என்ற திறமூலத் திட்டம் இதற்கு லினக்ஸின் இதே கேட்ஜெட் பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. பை கேவிஎம் என்ற திட்டம் அதே வேலையை ராஸ்பெரி பை கொண்டு, சாதாரணக் கணினிகளுக்கும் எட்டும் விலையில் செய்து தருகிறது. மறுதிசையிலும் பயன் உண்டு. பீகிள்போன் பிளாக் என்ற பலகைக் கணினியை ஒரே கேபிளால் மடிக்கணினியில் இணைத்தால் மின்சாரம், நெட்வொர்க், சீரியல் இணைப்பு, கையேடுகள் அடங்கிய ஒரு வட்டு என எல்லாம் அந்த ஒரு கேபிளிலேயே வந்துசேரும். திரையும் கீபோர்டும் ரவுட்டரும் வாங்க முடியாத மாணவருக்கு இது சாதாரண உதவியல்ல.

அடுத்த ஆட்சேபம் சிக்கனம் பற்றியது. கீபோர்டாக நடிக்க ஒரு மலிவான நுண்கட்டுப்படுத்தி போதாதா, ஒரு முழு லினக்ஸ் கணினி எதற்கு? கீபோர்டு மட்டும் வேண்டுமென்றால் போதும். அதற்கு லினக்ஸைப் பரிந்துரைப்பது வீண். மின்சாரம் கொடுத்த ஒரு நொடிக்குள் நுண்கட்டுப்படுத்தி வேலைக்கு வந்துவிடும், லினக்ஸ் ஏற அதைவிட நேரமாகும். ஆனால் பெறும் தரவைச் சுருக்க, பூட்ட, வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்போது கணக்கு மாறுகிறது. 2020இல் ஊரடங்கால் வெப் கேமராக்கள் கடைகளில் கிடைக்காமல் போனபோது, ராஸ்பெரி பை ஸீரோவையும் அதன் கேமராவையும் சேர்த்து யுஎஸ்பி வெப் கேமராவாக மாற்றும் திறமூலத் திட்டங்கள் பரவின. அதே வசதி இப்போது ஆண்ட்ராய்டு 14 முதல் கைப்பேசிகளுக்கே வந்திருக்கிறது. படம் பிடிப்பது, வெளிச்சத்தைச் சரிசெய்வது, வீடியோவைச் சுருக்குவது ஆகியவற்றுக்கான நிரல்கள் லினக்ஸில் ஏற்கனவே உள்ளன. கடைசியில் சேர வேண்டியது யுஎஸ்பி வேடம் மட்டும்தான்.

மிகக் கனமான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. எந்தக் கணினியும் எந்தச் சாதனமாகவும் வேடமிடலாம் என்றால் அது கள்வர் கையில் ஆயுதமாகாதா? ஆகியிருக்கிறது. 2014 ஆகஸ்டில் பிளாக் ஹேட் என்ற பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பென் டிரைவின் உள் நிரலையே மாற்றி அதைக் கீபோர்டாகப் பேச வைத்துக் காட்டினார்கள். 2016இல் சாமி கம்கார் என்ற இன்னோர் ஆய்வாளர், ஐந்து டாலர் ராஸ்பெரி பை ஸீரோவை நெட்வொர்க் அட்டையாகக் காட்டி, திரை பூட்டியிருந்த கணினியின் இணையப் போக்குவரத்தையே தன் பக்கம் திருப்பினார். இரண்டாவதில் லினக்ஸின் கேட்ஜெட் வசதிதான் கருவி. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் முதலாவதைக் கவனியுங்கள். அங்கே லினக்ஸ் கிடையாது. கடையில் விற்கும் பென் டிரைவின் சாதாரண சிப்தான் இருந்தது. ஓட்டை வேடமிடுபவரின் திறமையில் இல்லை. சொன்னதை எல்லாம் நம்பும் ஹோஸ்டின் 1996ஆம் ஆண்டு வழக்கத்தில் இருக்கிறது. லினக்ஸிலிருந்து கேட்ஜெட் பகுதியை நாளையே நீக்கினாலும் தாக்குபவருக்குச் சில்லறை விலைச் சிப்கள் கிடைக்கும், இழப்பு மற்றவர்களுக்கே.

அதோடு, இந்த ஓட்டையை அடைக்க உதவும் முக்கியக் கருவியும் இதே வசதிதான். ஹோஸ்டின் டிரைவர்கள் தவறான பதில்களுக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதிக்க, வேண்டுமென்றே தாறுமாறாகப் பேசும் சாதனம் வேண்டும். அதற்காக ஆண்ட்ரே கொனொவலோவ் எழுதிய ‘ரா கேட்ஜெட்’ 2020இல் கெர்னலில் சேர்ந்தது. ஒரே கணினிக்குள் ஹோஸ்ட், சாதனம் இரண்டையும் போலியாக உருவாக்கி, கேபிளே இல்லாமல் இடைவிடாது சோதிக்க முடிகிறது. இந்த வகைச் சோதனைகள் லினக்ஸின் யுஎஸ்பி டிரைவர்களில் ஏராளமான பிழைகளை வெளிக்கொண்டு வந்தன. மறுபுறம், ஹோஸ்ட் தன் கண்மூடி நம்பிக்கையைக் கைவிட வேண்டும். புதிய சாதனத்தை நிர்வாகி ஒப்பும்வரை நிறுத்திவைக்கும் வசதி லினக்ஸ் கெர்னலில் உண்டு. யுஎஸ்பி கார்டு என்ற நிரல் அதை விதிகளாக எழுத உதவுகிறது. ஆப்பிளும் 2022இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் வென்ச்சுராவில், தன் சொந்தச் சிப் உள்ள மடிக்கணினிகளில், புதிய சாதனத்தை அனுமதிக்கலாமா என்று கேட்கத் தொடங்கியது. சாதனங்களுக்கெல்லாம் மின்னணுக் கையொப்பம் கட்டாயமாக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கையொப்பமிடும் சாவி பெரிய நிறுவனங்களிடம் மட்டும் இருக்கும் உலகில், பள்ளி மாணவர் செய்த கருவிக்கு இடமிருக்காது. கேட்டு அனுமதிப்பது அதைவிட நல்ல வழி.

இதுவரை எல்லாம் மென்பொருள் என்றால், மேசைமேல் இருக்கும் மடிக்கணினியை ஏன் பென் டிரைவாக மாற்ற முடியவில்லை? இங்கே வன்பொருள் குறுக்கே வருகிறது. ஹோஸ்டாகக் கேள்வி கேட்கும் கட்டுப்படுத்தியும், சாதனமாகப் பதில் சொல்லும் கட்டுப்படுத்தியும் வெவ்வேறு மின்சுற்றுகள். மேசைக்கணினிகளிலும் பெரும்பாலான மடிக்கணினிகளிலும் முதல் வகை மட்டுமே வெளியே எட்டுகிறது. கைப்பேசிச் சிப்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும். எந்த வேடம் என்று முடிவு செய்ய, 2001 இறுதியில் வந்த ‘ஆன் தி கோ’ துணைத் தரநிலை இணைப்பியிலுள்ள ஓர் அடையாள முள்ளைப் பயன்படுத்தியது. அது தரையோடு இணைந்திருந்தால் ஹோஸ்ட், விட்டிருந்தால் சாதனம். முதல் ராஸ்பெரி பை மாடல் பி-யின் சிப்புக்கும் இந்த இரட்டைத் திறமை உண்டு. ஆனால் சிப்புக்கும் வெளித்துளைகளுக்கும் நடுவே ஒரு ஹப் உட்கார்ந்திருந்ததால் அது பயன்படவில்லை. ஹப் இல்லாத பை ஸீரோவில் அதே சிப் தடையின்றிச் சாதனமானது. பிறகு வந்த யுஎஸ்பி சி இணைப்பி உருவத்தில் ஏற்றத்தாழ்வே இல்லாதது. இரு முனையும் ஒன்றே. சாதனத் தரப்பு என்பதைக் காட்ட அங்கே 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு போதும். இன்டெலின் பல சிப்களில் சாதனமாகப் பதில் சொல்லும் பகுதி உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் கடையில் விற்கும் மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் முடக்கப்பட்டே வருகிறது. காசும் இடமும் தடை என்ற விளக்கம் இங்கே பொருந்தாது.

இது புதுமையான கோரிக்கையும் இல்லை. 1991இல் வந்த ஆப்பிளின் பவர்புக் 100 மடிக்கணினியை, ஸ்கஸி கேபிள் வழியாக இன்னொரு மேக்கின் வெளிவட்டாக இணைக்க முடிந்தது. இயங்குதளம் பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்க இதைவிட எளிய வழி கிடையாது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, யுஎஸ்பி சி துளை கொண்ட எல்லா மடிக்கணினியிலும் இந்த வசதி இருந்திருக்க வேண்டும். கணினி வாங்குபவர்கள், குறிப்பாகக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தமாக வாங்குபவர்கள், யுஎஸ்பி சி துளை சாதன வேடமும் ஏற்குமா என்று விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். யாரும் கேட்காத வசதியைத் தயாரிப்பாளர்கள் தர மாட்டார்கள். அதுவரை செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ராஸ்பெரி பை ஸீரோ போதும். அதில் இரண்டு மைக்ரோ யுஎஸ்பி துளைகள் உண்டு. பலகையின் மூலையை ஒட்டியிருப்பது மின்சாரத்துக்கு மட்டும். உள்பக்கம் இருப்பதில்தான் தரவுக் கம்பிகள் வருகின்றன, அதில்தான் கேபிளைச் செருக வேண்டும். கேபிளும் சார்ஜ் மட்டும் செய்யும் வகையாக இருக்கக் கூடாது.